பாதியில் கை வை

ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரீஷியனுக்கு ரிப்பேர் வேலை குறைவு, தேடுகிற வேலைதான் அதிகம். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் நின்றுவிட்டது என்று ஆள் ஓடிவந்து சொன்னால், கடைசியில் நான் செய்யப்போவது பெரும்பாலும் அற்பக் காரியமாக இருக்கும். லூசான ஸ்க்ரூவை இறுக்குவேன், லிமிட் ஸ்விட்சுக்குள் அடைந்த பஞ்சை ஊதுவேன், கருகிய காண்டாக்ட்டை மாற்றுவேன். அதை எந்த இடத்தில் செய்வது என்று தெரிகிற வரைக்கும் ஆயிரம் ஸ்பிண்டில்களும் சும்மா நிற்கும். பின்னால் ஸ்பின்னிங் மாஸ்டர் ஒன்றும் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும். கோவைப் பக்கத்து மில்களில் இந்தத் தேடலிலேயே தலை நரைத்தவன் நான். அந்தத் தேடலைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மிஷின் ஸ்டார்ட் ஆவதற்கு உள்ளே என்ன நடக்கவேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 110 வோல்ட் கிளம்புகிறது. முதலில் ஃபியூஸ். பிறகு எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன்கள், மிஷினின் இரண்டு கோடியிலும் இருக்கும் கதவுகளின் லிமிட் ஸ்விட்சுகள், ரிங் ரயில் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்விட்ச், அறுந்த நூலை உறிஞ்சும் நியூமாஃபில் மோட்டார் ஓடுகிறதா என்று சொல்லும் காண்டாக்ட், ஓவர்லோடு ரிலேயின் 95-96 காண்டாக்ட், அதன்பிறகு ஸ்டாப், ஸ்டார்ட், கடைசியாக காண்டாக்டர் காயில். இத்தனையும் ஒரே வரிசை. ஒன்று விட்டாலும் காயிலுக்குக் கரண்ட் போகாது, மிஷின் ஓடாது. வெளியிலிருந்து பார்த்தால் எது விட்டது என்று தெரியாது. இந்த வரிசையில் எது விட்டாலும் அறிகுறி ஒன்றுதான்: பட்டனை அழுத்தினால் சத்தமே வராது.

புதிதாக வேலைக்கு வந்த பையன் என்ன செய்வான் என்றால், ஃபியூஸிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவான். அதில் தப்பில்லை, ஒருநாள் கண்டுபிடித்துவிடுவான். என்னை வேலைக்குப் பழக்கிய மேஸ்திரி அதைப் பார்த்தால் பொறுக்கமாட்டார்.

“ஏப்பா, மொதல்லருந்து வராதே. நடுவுல கை வை.”

“நடுவுல எதுக்குங்க?”

“அங்க கரண்டு இருந்துச்சுன்னா மின்னாடி இருக்கற அத்தனையும் மறந்தர்லாம். இல்லீன்னா பின்னாடி இருக்கறத மறந்தர்லாம். எப்படியும் பாதி மிச்சம்.”

மீட்டரின் ஒரு முனையை டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் ஆன பக்கத்தில் நிரந்தரமாக மாட்டிவிட்டு, இன்னொரு முனையால் டெர்மினல் ஸ்ட்ரிப்பின் நடுவில் தொடவேண்டும். சந்தேகத்துக்குரிய இடம் 16 என்றால் ஒரு தொடலில் 8 ஆகும், அடுத்ததில் 4, பிறகு 2, நாலாவது தொடலில் ஆள் அகப்பட்டுவிடும். இடங்கள் ஆயிரம் இருந்தாலும் பத்துத் தொடல் போதும். கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கிட் என்ற மென்பொருளில் இதற்கென்றே ‘பைசெக்ட்’ என்று ஒரு கட்டளை இருப்பதாகச் சொன்னான். போன மாதம் ஓடிய புரோகிராம் இன்றைக்கு ஓடவில்லை என்றால், இடையில் செய்த ஆயிரம் திருத்தங்களில் எது கெடுத்தது என்று அது பாதிபாதியாகக் கழித்துக் காட்டுமாம். அவன் உட்கார்ந்த இடத்தில் செய்கிறான். எனக்கு ஒவ்வொரு பாதிக்கும் ஒரு கதவைத் திறக்கவேண்டும், சில சமயம் மிஷினுக்கு அடியில் படுக்கவேண்டும். வித்தியாசம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மேஸ்திரி ‘நடுவுல’ என்று சொன்னாரே ஒழிய, அவர் கை வைக்கிற இடத்தை நான் கவனித்துப் பார்த்ததில் அது எண்ணிக்கையில் நடுவாக இருந்ததே இல்லை. வரிசையில் 16 இடம் இருந்தாலும் பதினாறுக்கும் ஒரே அளவு சந்தேகம் கிடையாது. பேனலுக்குள் அசையாமல் இருக்கும் ரிலே காண்டாக்ட் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாது. கதவு லிமிட் ஸ்விட்ச் அப்படியல்ல. திறந்து மூடித் தேய்கிறது, அதிர்கிறது, பஞ்சு அடைகிறது, யாராவது காலால் உதைத்தும் மூடுகிறார்கள். நாலு கதவு ஸ்விட்சுகளில் மட்டும் முக்கால்வாசிப் பழுது இருக்கிறது என்றால் அந்த நாலுக்கு நடுவில் தொடுவதுதான் உண்மையான நடு. இரண்டாவது விஷயம், அவர் பேனலுக்குள்ளேயே தொட்டார். கதவு ஸ்விட்சுகளுக்குப் போய்வரும் வயர்கள் எல்லாம் டெர்மினல் ஸ்ட்ரிப்பில் நம்பர் போட்டு இறங்கியிருக்கும். அங்கே நின்ற இடத்திலிருந்தே எட்டு புள்ளியைத் தொடலாம். மிஷினின் மறுகோடிக்கு நடந்துபோய் ஒரு மூடியைக் கழற்றும் நேரத்தில் இங்கே நாலு சோதனை முடிந்திருக்கும். ஆகவே கணக்குப்படி மோசமான சோதனை, கைக்கு எட்டுவதாக இருந்தால், நல்ல சோதனையை ஜெயித்துவிடும்.

ஒரு சோதனை செய்யத் தகுந்ததா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதிலிருந்து வந்ததுதான். பதில் என்ன வரும் என்று மனசுக்குள் முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சோதனையைச் செய்வதில்லை. மிஷினில் ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது, அப்போது போய் மெயின் சப்ளை மூன்று ஃபேஸும் இருக்கிறதா என்று மீட்டரை நீட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மீட்டர் 415 காட்டும். காட்டத்தான் செய்யும். மனசுக்குத் தெம்பாக இருக்கும், பழுது இருந்த இடத்திலேயே இருக்கும்.

சோதனையிலேயே மலிவானது வாயால் கேட்பது. வயதில் மூத்த எலெக்ட்ரீஷியன்கள் பலருக்கு இது கௌரவக் குறைச்சல். மிஷினைப் பார்த்துக்கொள்ளும் சைடரிடம் கேட்பதா என்று நேராகப் பேனலைத் திறப்பார்கள். நான் முதலில் மிஷினில் வேலை செய்கிற பெண்ணிடம்தான் போவேன்.

“ஏம்மா, எப்ப நின்னுச்சு?”

“நெறஞ்ச கட்டையெல்லாம் டாஃப் எடுத்துட்டுப் போட்டனுங்கண்ணா. பட்டனை அமுத்துனா ஓடுது, கையை எடுத்தா நின்னுக்குது.”

அந்த ஒரு வாக்கியத்தில் வேலை முடிந்துவிட்டது. அமுத்தும்போது ஓடுகிறது என்றால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, எல்லாக் கதவும் மூடியிருக்கிறது, ஓவர்லோடு விழவில்லை, காயில் இழுக்கிறது, மோட்டார் சுற்றுகிறது. கையை எடுத்தால் நிற்கிறது என்றால் ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கவாட்டில் காண்டாக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொள்ள வைத்திருக்கும் 13-14 காண்டாக்ட் மட்டும் சேரவில்லை. அதுவும் அதன் இரண்டு வயரும்தான் மிச்சம். ஸ்க்ரூடிரைவரைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே சந்தேகம் மூன்று இடத்துக்கு வந்துவிட்டது. ‘மிஷின் ஓடலை’ என்று மட்டும் சொல்லி அனுப்பும் சூப்பர்வைசரிடமிருந்து இது கிடைக்காது.

மீட்டரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் பழகிய காலத்தில் மேஸ்திரி கையில் இருந்தது டெஸ்ட் லாம்ப். ஹோல்டரில் ஜீரோ வாட் பல்ப், இரண்டு வயர். பெயர்தான் ஜீரோ, அது 15 வாட் வரைக்கும் இழுக்கும். பிறகு டிஜிட்டல் மல்டிமீட்டர் வந்தது. அது வந்தபிறகு ஒரு புதுத் தொந்தரவும் சேர்ந்து வந்தது. ட்ரங்கிங்கில் முப்பது வயர் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஓடும்போது, அதில் அறுந்து தொங்கும் வயரில்கூட பக்கத்து வயரின் தூண்டலால் கொஞ்சம் மின்னழுத்தம் இருக்கும். மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகாஓம். அது கரண்ட்டே இழுக்காது, ஆகவே அந்தப் பேய் வோல்டேஜை அப்படியே காட்டும். 230 வோல்ட் ஓடும் இடத்தில் 80 காட்டும், 100 காட்டும். ‘பாதி வோல்டேஜ் வருகிறது, எங்கேயோ லீக்’ என்று பையன்கள் புது வழியில் தேடப் போய்விடுவார்கள். டெஸ்ட் லாம்ப்பை வைத்தால் அது எரியாது, பேய் அங்கேயே போய்விடும். பாதிபாதியாகக் கழிப்பதற்கு ஒவ்வொரு பதிலும் உறுதியாக இருக்கவேண்டும். ஒரு பதில் பொய்யாகிவிட்டால், பழுது இருக்கும் பாதியைத்தான் நாம் மறந்திருப்போம். அப்புறம் எத்தனை கெட்டிக்காரத்தனமாகத் தேடினாலும் அது இல்லாத இடத்தில் தேடுகிறோம். அதனால் கடைசிவரை என் பையில் இரண்டும் இருந்தன. பிஎல்சி இருக்கும் 24 வோல்ட் பக்கத்தில் மட்டும் லாம்ப்பை நீட்டக்கூடாது, அங்கே மீட்டர்தான்.

அறுந்த பழுது ஒரு ஜாதி, ஷார்ட் பழுது வேறு ஜாதி. ஃபியூஸ் போகிறது, மாற்றினால் மறுபடி போகிறது. ஒரு கிளையைக் கழற்றிவிட்டு ஃபியூஸ் போட்டுப் பார்ப்பது, போனால் அடுத்த கிளையைக் கழற்றுவது என்று போனால் ஒரு டப்பா ஃபியூஸ் காலியாகும், ஒவ்வொரு தடவையும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு அடி வாங்கும். எங்கள் ஆட்கள் ஃபியூஸ் இருந்த இடத்தில் 100 வாட் குண்டு பல்பை சீரியஸாக மாட்டிவிடுவார்கள். ஷார்ட் இருக்கிறவரை பல்ப் பளிச்சென்று எரியும். எத்தனை ஷார்ட் ஆனாலும் பல்ப் விடுகிற கரண்ட்டுக்கு மேல் போகாது, ஆகவே நிதானமாக வேலை செய்யலாம். பாதிக் கிளைகளைக் கழற்றிப் பார்க்கும்போது, பல்ப் மங்கினால் கழற்றியதில் பழுது, மங்காவிட்டால் மிச்சத்தில். எல்.இ.டி வந்தபிறகு குண்டு பல்ப் கடையில் கிடைப்பது அரிதாகிவிட்டது. அதற்காகவே நாலு பல்ப் வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்சுலேஷன் அளக்கும் மெக்கர் சோதனையில் இதையே வேறு மாதிரி பார்க்கலாம். ஒரு ஃபீடரில் பத்து மோட்டார் இருக்கிறது, இன்சுலேஷன் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றுக்கும் 500 வோல்ட் கொடுக்கலாம். அல்லது பத்தையும் சேர்த்தே ஒரு தடவை கொடுக்கலாம், இன்வெர்ட்டர் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களை மட்டும் முதலில் பிரித்துவிட்டு. சேர்த்துப் பார்க்கும்போது நல்ல அளவு வந்தால் பத்தும் நல்லது, வேலை முடிந்தது. கொரோனா சமயத்தில் பேப்பரில் ‘பூல் டெஸ்டிங்’ என்று வந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து பேர் வரைக்கும் மாதிரிகளைக் கலந்து ஒரே சோதனை செய்யலாம், நோய் இல்லை என்றால் ஐந்து பேருக்கும் இல்லை என்று ஐ.சி.எம்.ஆர். 2020 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. யார் முதலில் இதை யோசித்தது என்று பிறகு தேடிப் படித்தேன். ராபர்ட் டார்ஃப்மேன் என்ற அமெரிக்கப் பொருளியல்காரர் 1943-இல், ராணுவத்தில் சேர வருகிறவர்களுக்கு மேகநோய் ரத்தச் சோதனை செய்வதற்காக எழுதிய கட்டுரை. நூற்றில் ஒருவருக்குத்தான் நோய் என்றால், பதினொரு பேராகச் சேர்த்துச் சோதித்து, நோய் காட்டிய கூட்டத்தை மட்டும் தனித்தனியாகப் பார்த்தால், நூறு பேருக்கு இருபது சோதனைதான் ஆகும் என்று காட்டியிருக்கிறார்.

ஐ.சி.எம்.ஆர். கொடுத்த அந்த அனுமதியில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. நோய் 2 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும் இடத்துக்கு இந்த முறை, 5 சதவீதம் தாண்டினால் வேண்டாம். இதைப் படித்ததும் இவர்கள் மெக்கர் பிடித்தவர்கள்தான் என்று தோன்றியது. வெயில் காலத்தில் பத்து மோட்டாரைச் சேர்த்துப் பார்ப்பது லாபம், ஏனென்றால் பெரும்பாலும் எல்லாம் நன்றாக இருக்கும். ஐப்பசி மழை அடித்து, மில் நாலு நாள் லீவு விட்டுத் திறந்த அன்றைக்கு அப்படிச் செய்தால் சேர்த்துப் பார்த்த நேரம் தண்டம். பாதி மோட்டார் ஈரம் குடித்திருக்கும். எப்படியும் ஒவ்வொன்றாகக் கழற்றத்தான் வேண்டும். எனவே எந்த முறை நல்ல முறை என்று மிஷினை மட்டும் பார்த்துச் சொல்லமுடியாது, பழுது எவ்வளவு சகஜம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

சோதனைக்கு ஆகும் செலவு எல்லாவற்றையும் தலைகீழாக்கும் இடம் பூமிக்குள் போகும் கேபிள். சப்ஸ்டேஷனிலிருந்து 400 மீட்டர் தள்ளி இருக்கும் ஷெட்டுக்குப் போகும் கேபிளில் ஒரு கோர் எர்த் ஆகிவிட்டது. பாதியில் கை வை என்றால் 200 மீட்டரில் தோண்டி, கேபிளை வெட்டி, இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும். வெட்டிய இடத்தில் ஜாயின்ட் போடவேண்டும். ஒவ்வொரு ஜாயின்ட்டும் நாளைக்கு ஒரு புதுப் பழுதுக்கு இடம். இங்கே ஒரு சோதனைக்கு நாம் கொடுக்கிற விலை, இன்னொரு வியாதி. அதனால் முர்ரே லூப் என்ற பழைய வித்தை. மறுகோடியில் பழுதான கோரையும் ஒரு நல்ல கோரையும் சேர்த்துக் கட்டிவிட்டால் அது 800 மீட்டர் நீளமுள்ள ஒரே கம்பி ஆகிறது. இந்தக் கோடியில் பிரிட்ஜை வைத்து முள் பூஜ்யத்தில் நிற்கும்படி திருகவேண்டும். பழுதான கோரின் பக்கத்துக்கு நூற்றுக்கு முப்பது என்று வந்தால் 800-இல் 30 சதவீதம், 240 மீட்டர். டேப் பிடித்து அளந்து அங்கே ஒரே ஒரு குழி. கேபிள் நேராகப் போகாமல் எங்காவது வளையம் போட்டுப் புதைத்திருந்தால் சில மீட்டர் தள்ளும், அவ்வளவுதான். இது பாதிபாதியாகக் கழிப்பதில்லை, ஒரே அளவில் இடத்தைச் சொல்லும் சோதனை. அப்படி ஒன்று கையில் இருந்தால் கழித்தலை மறந்துவிடவேண்டும்.

எலெக்ட்ரானிக் கார்டை மாற்றிப் பார்ப்பது பற்றி நிறையச் சொல்ல எதுவுமில்லை. பக்கத்து மிஷினும் இதே மாடல், அதன் கார்டை இதில் போட்டால் பழுது கார்டோடு போகிறதா மிஷினோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரே அடியில் உலகம் இரண்டாகிவிடும், எனக்குப் பிடித்த சோதனை. ஆனால் 24 வோல்ட் சப்ளையை அளக்காமல் இதைச் செய்பவன் மேல் எனக்குக் கோபம் வரும். கார்டைக் கொன்றது மிஷினின் சப்ளையாக இருந்தால், நல்ல கார்டையும் அதற்கே பலி கொடுத்து, நின்ற மிஷின் ஒன்றை இரண்டாக்கிவிடுவான். கதவு ஸ்விட்சை ஒரு துண்டு வயரால் பைபாஸ் செய்து பார்ப்பதும் இப்படித்தான். பார்த்து முடித்ததும் அந்த வயர் என் சட்டைப் பையில் இருக்கவேண்டும். ‘ஷிஃப்ட் முடியட்டும் அப்புறம் எடுக்கலாம்’ என்று விட்ட வயர்கள், கதவு திறந்தே மிஷின் ஓடும் நிலையில், மாதக்கணக்கில் கிடந்ததைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது சோதனை ஆகாது, கையை நசுக்கக் காத்திருக்கும் விபத்து.

இதுவரை சொன்னதெல்லாம் நின்றது நின்றபடி இருக்கும் பழுதுக்கு. எலெக்ட்ரீஷியனின் தூக்கத்தைக் கெடுப்பது, வந்து வந்து போகும் பழுது. முழு நைட் ஷிஃப்ட்டில் ரெண்டு தடவை மிஷின் தானாக நிற்கும். ஆள் போய்ச் சேர்வதற்குள் பட்டனை அழுத்தினால் ஓடும். டாக்டர் வீட்டு வாசலில் இருமல் நின்றுபோகிற நோயாளி மாதிரி. நடுவில் தொட்டால் கரண்ட் இருக்கும், எங்கே தொட்டாலும் இருக்கும். சிலர் ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொரு ஸ்விட்சையும் தட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. தட்டும்போது பழுது வந்தால் அதிர்ஷ்டம், தட்டியதில் பழுது தற்காலிகமாகச் சரியாகிவிட்டால் ஒரு வாரம் போயிற்று, தடயமும் போயிற்று.

இதற்குப் பொறி வைக்கவேண்டும். ஸ்டார்ட் பட்டனுக்கு முன்னால் இருக்கும் வரிசையில் மூன்று இடம் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ரிலே. அந்த ரிலேயின் காயில் தன் சொந்தக் காண்டாக்ட் வழியாகவே பிடித்துக்கொண்டிருக்கும்படி வயரிங் செய்து, கையால் ஒரு தடவை எழுப்பிவிடவேண்டும். அந்த இடத்தில் கண் இமைக்கும் நேரம் கரண்ட் விட்டாலும் ரிலே விழுந்துவிடும், கரண்ட் திரும்பி வந்தாலும் தானாக எழாது. காலையில் வந்து பார்த்தால் முதல் ரிலே நிற்கிறது, இரண்டும் மூன்றும் விழுந்திருக்கின்றன. அப்படியென்றால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ விட்டது. பகலில் மிஷினை நிறுத்தாமலேயே நாலு துண்டில் ஒரு துண்டைப் பிடித்தாயிற்று. மூன்று பொறியையும் அந்தத் துண்டுக்குள் நகர்த்திவைத்தால் அடுத்த தடவை நிற்கும்போது ஏறத்தாழ ஆளே தெரிந்துவிடும். இப்படிப் பிடித்ததில் ஒன்று எனக்கு மறக்காது. கதவுக் கீல் பக்கம் வளைந்து வளைந்து உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்துபோன வயர். மேலே இன்சுலேஷன் முழுசாக இருந்தது. அறுந்த இரண்டு முனையும் உள்ளுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பொறி காட்டிய அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது ரப்பர் மாதிரி நீண்டது.

மில்லை விட்டு வந்தபிறகு வீட்டு வயரிங், ஆபீஸ் வயரிங் என்று பார்த்தேன். எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுகிற கேஸ்கள் அங்கே ஏராளம். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொரு எம்.சி.பி.யாகப் போட்டுப் பார், எதைப் போடும்போது விழுகிறதோ அதில்தான் பழுது என்று எல்லோருக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள். மிக்ஸி இருக்கும் லைனைப் போட்டதும் விழுகிறது, மிக்ஸியை மாற்றுகிறார்கள், மறுபடி விழுகிறது. நியூட்ரல் வயர் எங்காவது சுவருக்குள் எர்த்தைத் தொட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். வீட்டில் இருக்கும் எம்.சி.பி. ஃபேஸை மட்டும் துண்டிக்கிறது, நியூட்ரல் எல்லாம் ஒரே பாரில் சேர்ந்தே இருக்கிறது. தொட்டிருப்பது படுக்கையறை லைட் லைனின் நியூட்ரல். மிக்ஸி ஓடும்போது திரும்பி வரும் கரண்ட்டில் ஒரு பங்கு அந்த வழியாக எர்த்துக்கு நழுவுகிறது, போன கரண்ட்டும் வந்த கரண்ட்டும் பொருந்தாமல் ஆர்.சி.சி.பி. விழுகிறது. படுக்கையறை எம்.சி.பி. இறங்கித்தான் இருக்கிறது, குற்றம் மிக்ஸி தலையில். பாதியாகப் பிரித்துவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் பிரியவில்லை. இங்கே செய்யவேண்டியது, மெயினை இறக்கிவிட்டு நியூட்ரல் வயர்களைப் பாரிலிருந்து கழற்றி ஒவ்வொன்றையும் எர்த்துக்கு மெக்கர் பார்ப்பது.

ஆபீஸ்களில் வேறொரு ரகம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்குள் விழக்கூடாது, 30-இல் விழுந்தே ஆகவேண்டும். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றின் சப்ளைக்குள்ளும் ஃபில்டர் இருக்கிறது, அது வழக்கமாகவே ஒரு மில்லி, ஒன்றரை மில்லி எர்த்துக்கு விடும். அது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஒரே ஆர்.சி.சி.பி.க்குக் கீழ் பதினைந்து கம்ப்யூட்டர் இருந்தால் இருபதைத் தாண்டலாம். ஒன்றொன்றாகக் கழற்றிச் சோதித்தால் பதினைந்தும் நல்லது. எந்தப் பாதியை எடுத்தாலும் விழுவது நின்றுவிடும். இந்தப் பாதியிலும் பழுது, அந்தப் பாதியிலும் பழுது, தனியாக எடுத்தால் யாரிடமும் இல்லை. மெக்கரிலும் இதே கதை உண்டு. ஒவ்வொன்றும் 20 மெகாஓம் காட்டும் பத்து லைனைச் சேர்த்துப் பார்த்தால் 2 மெகாஓம்தான் காட்டும்.

பாதியாகக் கழிக்கும் வித்தை ஒரு குற்றவாளி உண்டு என்று நம்பித்தான் நடக்கிறது. அந்த நம்பிக்கை பொய்யாகும் இடம் மில்லிலும் உண்டு. கொஞ்சம் வயதான ரிங் ஃபிரேம், சப்ளை வோல்டேஜ் தாழும் சாயங்கால நேரத்தில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். காண்டாக்டர் கடகடவென்று அடிக்கும், இழுத்துப் பிடிக்காது. மீட்டரை வைத்தால் வரிசை முழுக்க 108 வோல்ட். எங்கேயும் அறுந்திருக்காது. காயிலை மாற்றுவார்கள், காண்டாக்டரையே மாற்றுவார்கள், ரெண்டு நாள் நன்றாக இருந்த மாதிரி இருக்கும். சும்மா நிற்கும்போது மீட்டர் கரண்ட் இழுக்காததால் முழு வோல்டேஜும் தெரிகிறது என்பதுதான் விஷயம். ஸ்டார்ட்டை அழுத்தும் கணத்தில் காயில் நல்ல கரண்ட் இழுக்கும். அந்தக் கணத்தில் காயிலின் இரண்டு முனையிலும் அளந்தால் 88 வரும். 110 வோல்ட் காயில் 85 சதவீதத்தில், அதாவது 93.5 வோல்ட்டில் இழுக்கும்படி செய்திருப்பார்கள். அதற்குக் கீழே உத்தரவாதம் இல்லை.

சரி, காணாமல்போன 20 வோல்ட் எங்கே? வரிசையின் முதல் பாதியின் இரு முனையில் மீட்டரை வைத்து, உதவியாளரை பட்டனை அழுத்தச் சொன்னால் 9 காட்டும். மறுபாதியில் 11. ஒன்பதைப் பாதியாக்கினால் 4-ம் 5-ம். எந்தப் பக்கமும் தப்பிக்கவில்லை, எந்தப் பக்கமும் அகப்படவும் இல்லை. கடைசியில் ஒவ்வொரு காண்டாக்ட்டிலும் ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட், நீளமான மெல்லிய வயரில் இரண்டு, பழைய ஃபியூஸ் பிடியில் ஒன்று. தனியாக எடுத்து எதைக் காட்டினாலும் ‘இதுக்கென்ன’ என்றுதான் யாரும் சொல்வார்கள்.

பதினாறு ஸ்விட்சையும் மாற்றலாம், ஸ்டோர்ஸில் கொடுக்கமாட்டார்கள், கொடுத்தாலும் அடுத்த வருடம் மறுபடி வரும். இந்த மாதிரி மிஷினில் நாங்கள் செய்தது, அந்த நீண்ட வரிசையின் முடிவில் பெரிய காண்டாக்டர் காயிலுக்குப் பதில் ஒரு குட்டி ரிலேயை மாட்டியது. அதன் காயில் இழுக்கும் கரண்ட் சொற்பம், ஆகவே வரிசையில் விழும் வோல்டேஜும் சொற்பம். காண்டாக்டர் காயிலுக்கு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து, தனி ஃபியூஸ் போட்டு, அந்த ரிலேயின் காண்டாக்ட் வழியாக நேராக ஒரு வயர். அடுத்த சாயங்காலம் வோல்டேஜ் தாழ்ந்தபோதும் ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டது.

பிரேக்டவுன் ரெஜிஸ்டரில் ‘பழுதான பாகம்’ என்று ஒரு கட்டம் உண்டு, அதில் எதையாவது எழுதாமல் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடமாட்டார். “எந்தப் பார்ட்டுங்க போச்சு? அதைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்” என்று கேட்டார். எந்தப் பார்ட்டும் போகவில்லை என்றேன். அவருக்கு ஒப்பவில்லை. கடைசியில் ஒவ்வொரு காண்டாக்ட்டிலும் பட்டன் அழுத்தும்போது விழுந்த வோல்டேஜை வரிசையாக எழுதி, கூட்டிப் போட்டு, அந்தத் தாளை ரெஜிஸ்டரில் ஒட்டினோம். கட்டத்தில் அவரே ‘ரிலே’ என்று எழுதிக்கொண்டார். பழுதான மிஷினில் அதுவரை இல்லாத பாகம் அது.